பள்ளத்துல தூண்டி போடறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

போன வாரம் கோயமுத்தூர்ல இருந்து சொந்தக்காரத் தம்பி ஒருத்தன் போன் பண்ணி, ஏனுங்ணா யூடியூப்ல வெளிநாட்டுக்காரங்க முழங்கால் ஆழம்கூட இல்லாத ஓடையில ட்ரவுட் மீனா புடிச்சு எடுக்கறாங்களே, நம்ம பக்கம் அப்படி ஓடை எங்கீங்ணா இருக்குதுன்னு கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவா எழுதறேன். ஏன்னா சின்ன ஓடையில, நம்ம பேச்சுல சொன்னா பள்ளத்துல, தூண்டி போடப் போறவங்கள்ல முக்காவாசிப் பேரு முள்ளைத் தண்ணியில எறக்கறதுக்கு முன்னாடியே மீனைத் தொரத்தி விட்டுடறாங்க, அப்பறம் பொழுது முச்சூடும் உக்காந்து பாத்துட்டு இங்க மீனே இல்லைன்னு வந்துடறாங்க. மீன் இருந்துச்சு. உங்களை முன்னாடியே பாத்துட்டு ஓடிப்போச்சு, அவ்வளவுதான்.

முதல்ல அந்த ட்ரவுட் விசயத்தை முடிச்சுக்கலாம். நம்ம பள்ளத்துல ட்ரவுட் தேடறது வீண் அலைச்சல். அதுக்கு 10ல இருந்து 16 டிகிரி குளிர்ச்சியில தண்ணி வேணும், 20 தாண்டினாலே திணறும், 25 பக்கம் போச்சுன்னா பொழைக்கறது கஷ்டம். தண்ணி சூடாக ஆக அதுல கரைஞ்சிருக்கற ஆக்சிஜனும் கொறைஞ்சுக்கிட்டே வரும், 10 டிகிரியில ஒரு லிட்டர்ல 11 மில்லிகிராம் நிக்கறது 30 டிகிரியில ஏழரைதான். கோபி, அந்தியூர், பெருந்துறைப் பக்கம் மார்கழியில கூட தண்ணி 20க்குக் கீழ எறங்காது. ட்ரவுட் இருக்கறது நீலகிரி உச்சியில. அதுவும் நம்ம நாட்டு மீன் இல்லீங்க, 1860கள்ல பிரான்சிஸ் டேன்னு ஒருத்தர் கொண்டாந்து விட்டுப் பாத்து ஒண்ணும் நிக்கல, அப்பறம் எச்.சி. வில்சன் முயற்சியில 1907ல அவலாஞ்சியில பொரிப்பகம் வெச்ச பின்னாடிதான் வானவில் ட்ரவுட் அந்தக் குளிர்ந்த ஓடைகள்ல வேர் புடிச்சது. அதுல பாதி ஓடை காட்டுக்குள்ள, வனத்துறை கையில இருக்குது. மீன்வளத்துறைகிட்டயும் வனத்துறைகிட்டயும் அனுமதி வாங்காம தூண்டியைத் தூக்கிட்டு மேல போயிடாதீங்க, அது சட்டப்படி குத்தம்.

ஆனா பாருங்க, அந்த மலையில பொறக்கற பவானிதான் கீழ வந்து நம்ம ஊருக்குத் தண்ணி குடுக்குது. மேல ட்ரவுட்டுக்காரங்க ஓடையில எப்படி நடக்கறாங்களோ எப்படி ஒளியறாங்களோ அதெல்லாம் கீழ நம்ம கெண்டைக்கும் கொரவைக்கும் கெளுத்திக்கும் அப்படியே பொருந்தும். ஏன்னா மீன் எதுவானாலும் சின்னத் தண்ணிக்குள்ள அது படற பயம் ஒண்ணுதான்.

பள்ளத்தைக் கண்டுபுடிக்கறதுலயே ஆரம்பிக்குது தப்பு. கூகுள் மேப்புல நீலக் கோடு இருக்குதுன்னு வண்டியை எடுத்துட்டுப் போயிடறாங்க, போய்ப் பாத்தா சீமைக்கருவேலமும் மணலும்தான் கெடக்கும். நம்ம பக்கத்துப் பள்ளத்துல பாதிக்கு மேல ஐப்பசி கார்த்திகையில ரெண்டு மாசம் ஓடி நின்னுபோறதுதான். வருசத்துல எச்சா நாளு தண்ணி நிக்கற பள்ளம் வேணும்னா கீழ்பவானி வாய்க்காலுக்குக் கீழ்ப்பக்கம் தேடுங்க, மேல்பக்கம் தேடாதீங்க. பவானிசாகர் அணையில இருந்து 200 கிலோமீட்டர் போற வாய்க்கால் அது, 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கரா பாயுது, வயலுக்குப் பாஞ்ச தண்ணியும் கரையில கசியற தண்ணியும் மண்ணுக்குள்ள எறங்கி கீழ இருக்கற பள்ளத்துல ஊத்தா வெளிய வருது. வழக்கமா ஆகஸ்ட் 15 வாக்குல நஞ்சைக்குத் தொறப்பாங்க, தொறந்த உடனே பள்ளம் ஓடாது, சில வாரம் ஆகும். அதே மாதிரி வாய்க்கால் அடைச்ச பின்னாடியும் கொஞ்ச நாளு கசிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். அந்தக் கசிவுத் தண்ணி மழைத் தண்ணி மாதிரி கலங்கலா இருக்காது, தெளிவா மெதுவா ஓடும், தூண்டிக்கு அதுதான் தோதான தண்ணி. மழையே இல்லாத மாசத்துலயும் கோரையும் சம்பும் பச்சையா நிக்குதா, மீன்கொத்தி ஒரே கொம்புல தெனமும் வந்து உக்காருதா, அங்க மீன் இருக்குது. அந்தப் பக்கம் ஆடு மேய்க்கற அம்மணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டாப் போதும், எந்தக் குழியில வேசகாலத்துலயும் தண்ணி வத்தலைன்னு எந்த மேப்பும் சொல்லாததை அவங்க சொல்லிருவாங்க.

கேக்காம அடுத்தவங்க தோட்டத்துக்குள்ள நொழையாதீங்க. இட்டேரியிலயே, ரெண்டு வேலிக்கு நடுவுல போற அந்தத் தடத்துலயே நின்னு "ஏனுங், தோட்டத்துல ஆளு இருக்கறீங்களா"ன்னு ஒரு சத்தம் குடுங்க, நம்ம சனம் பத்துக்கு ஒம்பது பேரு போய்ப் புடிச்சுக்கங்க சாமின்னுதான் சொல்லும். இன்னொண்ணு, பன்னிக்குன்னு திருட்டுத்தனமா கரண்டு கம்பி கட்டறவங்களும் இருக்கறாங்க, பொழுது எறங்கின பின்னாடி தெரியாத காட்டுக்குள்ள தடம் போடறது உயிருக்கே ஆபத்து. சத்தியமங்கலம் பக்கம் காட்டை ஒட்டுன பள்ளம்னா கிட்டவே போகாதீங்க, 2013ல இருந்து அது புலிகள் காப்பகம், ஆனை தண்ணி குடிக்க வர்ற நேரமும் நாம தூண்டி போடற நேரமும் ஒண்ணுதான்.

புடிச்சதைத் திங்கறதுன்னா தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாருங்க. மீன் உயிரோட இருக்குதே, அப்பறம் தண்ணி நல்லாத்தான இருக்கும்னு நெனைக்கறது பெரிய தப்பு. ஜிலேபி மீனும் ஆப்பிரிக்கன் கெளுத்தியும் சாக்கடையிலயும் பொழைக்கும். நொய்யல் ஆத்துக் கதை உங்களுக்கே தெரியும், திருப்பூர் சாயத்தண்ணியால ஒரத்துப்பாளையம் அணையே வெவசாயத்துக்கு ஆகாமப் போச்சு, 2011ல ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொல்ற அளவுக்குப் போச்சு. வெள்ளியங்கிரியில தெளிஞ்ச தண்ணியாப் பொறக்கற ஆறு அது. எழுதறப்பவே மனசு கனக்குது. அந்த மாதிரித் தண்ணியில மீன் புடிச்சு வீட்டுக் கொழந்தைகளுக்குக் கொழம்பு வெக்காதீங்க.

இப்ப முக்கியமான தப்புக்கு வர்றேன், தண்ணிகிட்டப் போற விதம். வண்டியை பாலத்து மேலயே நிறுத்தி, கதவை டப்புன்னு சாத்தி, தடதடன்னு எறங்கி, கரை விளிம்புல நின்னு தண்ணிக்குள்ள எட்டிப் பாக்கறது. அத்தோட போச்சு. மீனுக்குக் காது வெளிய தெரியாது, ஆனா ரெண்டு பக்க ஒடம்புலயும் ஒரு கோடு ஓடும் பாருங்க, தண்ணியில வர்ற அதிர்வை அது உள்காதுலயும் அந்தக் கோட்டுலயும் உணருது, கரையில நீங்க வெக்கற ஒவ்வொரு அடியும் அதுக்குத் தெரியும். கண்ணும் அப்படித்தான். தண்ணிக்கு அடியில இருந்து மேல பாக்கற மீனுக்கு வெளியுலகம் எல்லாம் தலைக்கு மேல ஒரு வட்ட ஜன்னல் மாதிரி 97 டிகிரிக்குள்ள சுருங்கித் தெரியும். நீங்க நின்னா அந்த வட்டத்துக்குள்ள தெளிவா வந்துருவீங்க, பின்னால தள்ளிக் குந்த வெச்சு உக்காந்தா வட்டத்தோட ஓரத்துல நசுங்கி மங்கிப் போயிருவீங்க. அதனால கரையில இருந்து பத்தடி முன்னாடியே குனிஞ்சிருங்க, செடியோ பனைமரமோ முதுகுக்குப் பின்னால இருக்கட்டும். வெள்ளைச் சட்டை வேண்டாம். நெழல் தண்ணி மேல உழுந்துச்சுன்னா, அது தூண்டிக் குச்சியோட நெழலா இருந்தாக்கூட, கொக்குன்னு நெனைச்சு ஓடிரும்.

எங்க அப்பாரு பள்ளத்துக்குப் போனா உக்காந்த உடனே தூண்டியை எடுக்க மாட்டாரு. ஒரு வெத்தலையைப் போட்டு அதை மென்னு முடிக்கற வரைக்கும் தண்ணியையே பாத்துட்டு இருப்பாரு. சின்னப் பையனா இருந்தப்ப எனக்கு அது ஏன்னு புரியல, பெருசானப்பறம்தான் தெரிஞ்சுது, அந்தக் கால்மணி நேரத்துல பயந்து ஒதுங்குன மீன் திரும்பி அதே எடத்துக்கு வந்துரும், எந்தக் கல்லுக்குப் பின்னால எது நிக்குதுன்னும் நமக்குத் தெரிஞ்சிரும்.

அதோட சேந்ததுதான் எந்தப் பக்கமிருந்து போறதுங்கறதும். ஓடற தண்ணியில மீன் எப்பவும் தண்ணி வர்ற பக்கம் மூஞ்சியை வெச்சு நிக்கும், ஏன்னா தீனி அங்கிருந்துதான் மெதந்து வரும். அப்ப நீங்க கீழ இருந்து மேல ஏறிப் போகணும், மேல இருந்து எறங்குனா அது கண்ணுக்கு நேராத்தான் போறீங்க, கால்ல கலக்குன சேறும் உங்களுக்கு முன்னாடி அதுகிட்டப் போயிரும். ஒரு குழிக்கு வந்தீங்கன்னா தண்ணி உழுகற தலைப்பக்கம்தான் பெரிய மீன் நிக்கும்னு நேரா அங்க போடாதீங்க. வால்பக்கம், தண்ணி வெளிய போற எடத்துல நிக்கற சின்னது பயந்துச்சுன்னா நேரா மேல ஓடி எல்லாத்தையும் கெளப்பி விட்டுரும். வால்ல ஆரம்பிச்சு, நடுவுல போட்டு, கடைசியாத் தலைக்குப் போங்க. குழிக்கு ரெண்டு மூணு மீன் கெடைச்சா நகர்ந்துருங்க. ஏரியில உக்கார்ற மாதிரி ஒரே எடத்துல மூணு மணி நேரம் உக்கார்றது பள்ளத்துக்கு ஆகாது.

சாமான் விசயத்துல எல்லாரும் பெருசுக்குத்தான் ஆசைப்படறாங்க. எட்டாயிர ரூவா ரீலும் பத்தடி ராடும் வெச்சுக்கிட்டு கருவேல முள்ளுக்குள்ள என்ன பண்ணுவீங்க, சொல்லுங்க. ஆறடி மூங்கில் குச்சி போதும், மெல்லிசு தூண்டி நரம்பு, 10ல இருந்து 14ஆம் நம்பர் முள்ளு, நம்பர் ஏற ஏற முள்ளு சின்னதாகும்னு ஞாபகம் வெச்சுக்கங்க. ஈயத்தைக் கொறைங்க. பெரிய குண்டைக் கட்டுனா புழு ஒரே எடத்துல கல்லு மாதிரிக் கெடக்கும், ஓடற தண்ணியில அப்படிக் கெடக்கற தீனியை மீன் சந்தேகப்படும், தண்ணி போற வேகத்துக்கே புழுவும் உருண்டு போகணும். எருக்குழியில எடுத்த சின்ன மண்புழுவுக்கு மிஞ்சுன தீனி இல்லை. கடலைப் புண்ணாக்கைக் கை நெறையா அள்ளி வீசறது கொளத்துக்குச் சரி, சின்னக் குழியில வீசுனா மீன் வயிறு ரொம்பிப் போயிரும், தண்ணியும் புளிச்சு நாறும்.

கெளுத்தியைக் கழட்டறப்ப அவசரப்படாதீங்க. முதுகுல ஒண்ணு, செவுளுக்குப் பக்கத்துல ரெண்டுன்னு மூணு முள்ளு, குத்துச்சுன்னா விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். பொறுக்கற சூட்டுல சுடுதண்ணிக்குள்ள கையை வெச்சா வலி அடங்கும், அந்த வெசம் சூட்டுக்குத் தாங்காது, வீக்கம் கொறையலைன்னா டாக்டர்கிட்டப் போயிருங்க. விடப்போற மீனை நனைச்ச கையிலதான் தொடணும், காஞ்ச கை அது ஒடம்புல இருக்கற வழவழப்பை வழிச்சு எடுத்துரும், அப்பறம் பூஞ்சை புடிச்சுச் செத்துப்போகும். ஆனா ஆப்பிரிக்கன் கெளுத்தியும் மீன் தொட்டியில வளக்கற டேங்க் கிளீனரும் மாட்டுச்சுன்னா பாவம்னு திருப்பி விடாதீங்க, நம்ம அயிரையும் ஆராலும் மிச்சமிருக்கணும்னா அதுக ரெண்டும் பள்ளத்துல இருக்கக்கூடாது.

செவச்செவன்னு குஞ்சுக் கூட்டம் தண்ணி மேல மொய்ச்சுட்டு வருதா, அதுக்கு அடியில அப்பனும் ஆத்தாளுமா வெராலு காவல் நிக்குது. அந்த நேரத்துல முன்னால எதைப் போட்டாலும் பாஞ்சு கடிக்கும், பசியில இல்லீங்க, குஞ்சைக் காப்பாத்த. அதைப் புடிச்சுட்டா அந்தக் குஞ்சு அத்தனையும் அன்னைக்கே மத்த மீனுக்கு எரையாயிரும். முதல் மழை வெள்ளத்துல செனையோட பள்ளத்துல ஏறி வர்ற ஏத்துமீனும் அப்படித்தான், பாலத்துக்கு அடியில வலையைக் கட்டி மொத்தமா வழிச்சு எடுத்தா அடுத்த வருசம் ஏர்றதுக்கு ஒண்ணும் இருக்காது. ப்ளீச்சிங் பவுடர் கலக்கறது, கரண்டு வெக்கறது, தோட்டா போடறது, இதெல்லாம் தூண்டிக்காரன் வேலையே இல்லை, வெடியும் வெசமும் 1897ஆம் வருசச் சட்டத்துலயே தடை. ஒரு குழியில அப்படிப் பண்ணிட்டா தவளை, நண்டு, புழு பூச்சின்னு மொத்தமும் செத்து, மீன் திரும்பினாலும் திங்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. அறுந்த நரம்பையும் சுருட்டிப் பையில போட்டுட்டு வாங்க, எங்க தோட்டத்துக்குப் பக்கத்துல ஒரு மயிலு கால்ல நரம்பு சுத்தி நடக்க முடியாமக் கெடந்துச்சு, அவுத்து விடறதுக்குள்ள அரை நாளாச்சு.

கடைசியா ஒண்ணு. நாம இருக்கற எடத்துல வெயில் அடிச்சுட்டு இருக்கும், பர்கூர் மலையில மழை கொட்டியிருக்கும், வரட்டுப்பள்ளம் மாதிரி மலையில இருந்து எறங்கற பள்ளத்துல நமக்குத் தெரியறதுக்குள்ள தண்ணி வந்துரும். தெளிஞ்ச தண்ணி டீ கலர்ல மாறுது, சருகும் நொரையும் மெதந்து வருது, அதுவரைக்கும் கேக்காத ஒரு எரைச்சல் மேல இருந்து கேக்குதுன்னா, முள்ளுல மீன் இழுத்துட்டு இருந்தாக்கூட குச்சியை அங்கயே போட்டுட்டு மேட்டுக்கு ஏறிருங்க, அக்கட்டால கரையில வண்டி நிக்குதேன்னு குறுக்க எறங்காதீங்க.