எச்.ஓ.ஏ. போர்டில் சேர்ந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வீடு வாங்கும் நம்மவர்கள் பலருக்கு, எச்.ஓ.ஏ. எனப்படும் வீட்டு உரிமையாளர் சங்கம் முதலில் மாதக் கட்டணமாகத்தான் அறிமுகமாகிறது. சில ஆண்டுகள் கழித்து, ஆண்டுக் கூட்டத்தில் யாரும் முன்வராத ஒரு மாலையில், பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார் என்று சங்கத்தை நடத்தும் குழுவான போர்டில் சேர்ந்துவிடுகிறார்கள். நான் பொருளாளர் ஆனதும் அப்படித்தான். இது சம்பளமில்லாத வேலை. ஆனாலும் பெரும்பாலான சங்கங்கள் இலாப நோக்கற்ற நிறுவனங்களாகப் பதிவு செய்யப்பட்டவை. அதனால் போர்டு உறுப்பினர் சட்டப்படி ஒரு நிறுவனத்தின் இயக்குநர். அக்கறையோடும் விசுவாசத்தோடும் நடக்கும் கடமை அவருக்கு உண்டு.

சங்கங்களை நொடிக்க வைப்பது பெரும்பாலும் திருட்டோ அகம்பாவமோ இல்லை என்பதை இந்த ஆண்டுகளில் கண்டிருக்கிறேன். அக்கம்பக்கத்தார் முகம் சுளிக்கக் கூடாது என்று நல்ல மனிதர்கள் தள்ளிப்போடும் முடிவுகளே அந்த வேலையைச் செய்கின்றன.

கட்டணத்தை உயர்த்தாததைச் சாதனையாக எண்ணுவது

"ஆறு ஆண்டுகளாக ஒரு டாலர்கூட உயர்த்தவில்லை" என்று எங்கள் முந்தைய போர்டு பெருமையோடு அறிவித்தபோது நானும் கைதட்டினேன். பொறுப்பேற்ற முதல் ஆண்டில், உயர்த்த வேண்டாம் என்றே வாக்களித்தேன். காப்பீட்டுப் பிரீமியமும் தண்ணீர்க் கட்டணமும் தோட்டப் பராமரிப்பும் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருந்தன. அந்த இடைவெளியை, எதிர்காலப் பெரும் பழுதுகளுக்காகச் சேர்க்கும் ரிசர்வ் நிதிக்குப் போக வேண்டிய பணம் நிரப்பிக்கொண்டிருந்தது. மூன்றாம் ஆண்டில் கூரைகள் ஒழுகத் தொடங்கின. வீட்டுக்கு இவ்வளவு என்று சிறப்புக் கட்டணம் விதிக்க வேண்டியதாயிற்று. ஓய்வூதியத்தில் வாழும் ஒரு மூதாட்டி தவணை கேட்டு என் வீட்டு வாசலில் நின்றார். அவருக்கு நன்மை செய்வதாக எண்ணித்தான் முதலாண்டில் அப்படி வாக்களித்திருந்தேன்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 80 வீடுகள் உள்ள குடியிருப்பில் உட்சாலைகளை 20 ஆண்டுகளில் ஒருமுறை புதுப்பிக்க 3,20,000 டாலர் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 4,000 டாலர். தொடக்கத்திலிருந்தே சேர்த்தால் மாதம் 17 டாலருக்கும் குறைவு. சேர்க்காமல் விட்டால், இருபதாம் ஆண்டில் அங்கே குடியிருப்பவர் முழுத் தொகையையும் ஒரே தவணையில் தர வேண்டும். பதினெட்டு ஆண்டுகள் அந்தச் சாலையில் கார் ஓட்டிவிட்டு வீட்டை விற்றுப் போனவர் ஒன்றும் தர மாட்டார். இதில் என்ன நியாயம் இருக்கிறது?

இந்தக் கணக்கை முறையாகச் செய்து தருவதுதான் ரிசர்வ் ஆய்வு. கூரை, சாலை, வேலி, நீச்சல் குளம், பெயின்ட் என்று பொதுச் சொத்தின் ஒவ்வோர் உறுப்பும் இன்னும் எத்தனை ஆண்டுகள் தாங்கும், மாற்ற எவ்வளவு ஆகும், இன்று கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அது சொல்லும். தேவையான தொகையில் 70 சதவீதத்துக்கு மேல் கையில் இருந்தால் நல்ல நிலை, 30 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆபத்து என்பது இந்தத் துறையினரின் பொதுவான அளவுகோல். கலிஃபோர்னியாவில் பெரும்பாலான சங்கங்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது நேரில் பார்வையிட்டு இந்த ஆய்வைச் செய்ய வேண்டும். உங்கள் மாநிலச் சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது மனதைக் கனக்கச் செய்யும் விஷயம். ஃபுளோரிடாவின் சர்ஃப்சைட் நகரில் 1981-இல் கட்டப்பட்ட சாம்ப்ளேன் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடிக் குடியிருப்பு 2021 ஜூன் 24 அதிகாலையில் இடிந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல் குளத் தளத்தின் அடியில் நீர்த்தடுப்பு தோற்று, கான்கிரீட் பலகம் பெரிதும் சிதைந்திருப்பதாகப் பொறியாளர் 2018-லேயே எழுதிக் கொடுத்திருந்தார். பழுதுபார்க்க அப்போது சுமார் 9 மில்லியன் டாலர் மதிப்பிட்டார்கள். குடியிருப்பாளர்களிடையே சச்சரவு நீண்டது. போர்டு உறுப்பினர்கள் பலர் விலகினார்கள். 2021-இல் தேவை 15 மில்லியனைத் தொட்டிருந்தது. கட்டடம் விழுந்ததற்கு ஆரம்பகால வடிவமைப்புக் குறைகளும் காரணமாகப் பேசப்படுகின்றன. இடைப்பட்ட அந்த மூன்று ஆண்டுகளைத்தான் ஒவ்வொரு போர்டு உறுப்பினரும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். பிறகு 2022-இல் ஃபுளோரிடா, மூன்று தளங்களும் அதற்கு மேலும் உள்ள கான்டோ (தனித்தனி உரிமையாளர்கள் கொண்ட அடுக்குமாடி) கட்டடங்களுக்கு 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டமைப்பு சார்ந்த ரிசர்வ் ஆய்வைக் கட்டாயமாக்கியது. ரிசர்வுக்குப் பணம் ஒதுக்காமலே வாக்களித்துத் தள்ளிவிடும் வழக்கத்துக்கும் அங்கே கடிவாளம் போடப்பட்டது.

கட்டணத்தை ஒரேயடியாக 25 சதவீதம் ஏற்றினால் எவரும் கொதிப்பார்கள். ஆண்டுக்கு 3, 4 சதவீதம் என்று ஏற்றி, பணம் எங்கே போகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். எங்கள் குடியிருப்பில் அதை நேரில் பார்த்தேன்.

ஆளைப் பார்த்து விதியை அமல்படுத்துவது

ஒருவர் அனுமதியின்றி வேலியை உயர்த்துகிறார். நண்பர் என்று விட்டுவிடுகிறோம். மறு ஆண்டு இன்னொருவர் அதையே செய்கிறார்; அவருக்கு நோட்டீஸ் போகிறது. அவர் நீதிமன்றத்துக்குப் போனால், சங்கம் பாரபட்சமாக நடந்துகொண்டது என்பதே அவருடைய வலுவான வாதமாக இருக்கும். முதல் வேலியை விட்டுக்கொடுத்த அன்றே அந்த விதியின் பல் பாதி உதிர்ந்துவிட்டது. நெடுங்காலம் தூங்கிய விதியை எழுப்ப வேண்டுமானால், இன்ன தேதி முதல் அமலாகும் என்று எல்லோருக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டுத் தொடங்குங்கள்.

அபராதத்துக்கு முன் நோட்டீஸ் தர வேண்டும். விளக்கம் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். அதற்கும் முன்னால் ஒருமுறை கதவைத் தட்டிப் பேசிப் பாருங்கள். குப்பைத் தொட்டியை உள்ளே எடுத்து வைக்காதவர் முதுகெலும்பு அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர் என்று எங்களுக்கு அபராதக் கடிதம் போன பிறகுதான் தெரிந்தது. அபராதத் தொகை விஷயத்தில் சட்டமும் மாறிக்கொண்டிருக்கிறது: கலிஃபோர்னியா 2025-இல், உடல்நலத்தையோ பாதுகாப்பையோ பாதிக்காத மீறல்களுக்கு ஒன்றுக்கு 100 டாலர் என்று உச்சவரம்பு வைத்துவிட்டது.

சங்கத்தின் விதிக்கு மேலே சட்டம் இருப்பதை மறப்பது

வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மத்திய, மாநிலச் சட்டங்கள், அவற்றுக்குக் கீழே சி.சி. அண்ட் ஆர். எனப்படும் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம். பிறகு நிறுவனப் பதிவுப் பத்திரமும், சங்கத்தை நடத்தும் முறையைச் சொல்லும் பைலாவும். கடைசியில் போர்டு இயற்றும் விதிகள். கீழே இருப்பது மேலே இருப்பதோடு மோதினால் கீழே இருப்பது செல்லாது.

போர்டுகள் அதிகம் இடறுவது, வீட்டுவசதியில் பாரபட்சத்தைத் தடுக்கும் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தில் (ஃபேர் ஹவுசிங் ஆக்ட்). 1968-இல் வந்த அந்தச் சட்டத்தில் ஊனமுற்றோருக்கும் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்குமான பாதுகாப்பு 1988-இல் சேர்க்கப்பட்டது. "மாலை ஐந்து மணிக்குமேல் குளம் பெரியவர்களுக்கு மட்டும்", "புல்வெளியில் குழந்தைகள் விளையாடக் கூடாது" போன்ற அறிவிப்புகள் அமைதிக்காகவே வைக்கப்படுகின்றன. ஆனால் சங்கத்தை வழக்கில் சிக்கவைக்கின்றன. "குளத்தைச் சுற்றி யாரும் ஓடக் கூடாது" என்று நடத்தையைக் குறித்து எழுதினால் வயதைப் பற்றிய பேச்சே எழாது. பார்வையற்றவரின் வழிகாட்டி நாயை, செல்லப் பிராணிகளுக்குத் தடை என்று காட்டித் தடுக்க முடியாது. சக்கர நாற்காலியில் வருபவர் அருகில் ஒரு பார்க்கிங் இடம் கேட்டால் மறுப்பதற்கு முன் வழக்கறிஞரிடம் பேசுங்கள். அதேபோல, உரிமையாளர் தன் சொந்தப் பயன்பாட்டுப் பகுதியில் ஒரு மீட்டர் வரை விட்டமுள்ள சாட்டிலைட் டிஷ் வைப்பதை மத்திய தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் விதி 1996 முதல் காத்துவருகிறது. அமெரிக்க தேசியக் கொடி ஏற்றுவதை அடியோடு தடுக்கவும் முடியாது.

வாட்ஸ்அப்பில் முடிவெடுப்பது

ஐந்து பேர் கொண்ட போர்டில் மூவர் குழுச் செய்தியில் "சரி, செய்துவிடலாம்" என்றால், பல மாநிலங்களில் அது அறிவிப்பில்லாமல் நடத்திய கூட்டமாகவே கருதப்படும். கலிஃபோர்னியாவில் வழக்கமான போர்டு கூட்டத்துக்கு நான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும். உறுப்பினர்கள் வந்து கேட்கலாம், பேசலாம். மின்னஞ்சலில் முடிவெடுப்பது அவசர நிலைக்கு மட்டுமே, அதுவும் எல்லா இயக்குநர்களும் எழுத்தில் ஒப்புக்கொண்டால். கதவை மூடிப் பேசக்கூடியவை வழக்குகள், ஒப்பந்தப் பேச்சுவார்த்தை, ஒருவரின் கட்டணப் பாக்கி, ஒழுங்கு நடவடிக்கை போன்றவையே. கட்டண உயர்வைக் கதவுக்குப் பின்னால் முடிவு செய்த போர்டு மறு தேர்தலில் வீட்டுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த உயர்வு தேவையான உயர்வுதான், முறை கெடுத்துவிட்டது.

பணத்தில் நம்பிக்கை மட்டும் போதாது

மேலாண்மை நிறுவனம் இருக்கிறதே என்று வங்கி அறிக்கையைத் திறக்காமல் விடாதீர்கள். நிறுவனம் தயாரித்த சுருக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது. வங்கியிலிருந்து நேரே வரும் அறிக்கை பொருளாளரின் பார்வைக்கு மாதந்தோறும் வர வேண்டும். நடப்புச் செலவுக்கு ஒரு கணக்கு, ரிசர்வுக்கு வேறொரு கணக்கு. ரிசர்வை எடுக்க இரண்டு இயக்குநர்களின் கையெழுத்து. ஒரே வங்கியில் 2,50,000 டாலருக்கு மேல் குவித்தால் வங்கி வைப்புகளுக்கான மத்திய அரசின் எஃப்.டி.ஐ.சி. காப்பீடு மிச்சத்தைக் காக்காது. இயக்குநர் பொறுப்புக் காப்பீடும் பண மோசடிக்கான காப்பீடும் நடப்பில் இருக்கின்றனவா என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். இலாப நோக்கற்றது என்பதால் வரிப் படிவம் தேவையில்லை என்று எண்ணுகிறவர்கள் உண்டு. தேவை, பெரும்பாலும் சங்கங்களுக்கான 1120-எச் படிவம்.

ஒப்பந்தக்காரர் உங்கள் மைத்துனராக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட்டு, விவாதத்திலிருந்தும் வாக்கெடுப்பிலிருந்தும் விலகி நில்லுங்கள். அவருடைய விலையே குறைவாக இருந்தாலும்.

நிபுணரைக் கேட்காமல் இருப்பது

1999-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்துக்கு லாம்டன் என்ற உரிமையாளரின் வழக்கு வந்தது. கரையான் ஒழிக்கக் கட்டடம் முழுவதையும் மூடிப் புகையடிக்க வேண்டும் என்றார் அவர்; போர்டு பாதிக்கப்பட்ட இடங்களில் மட்டும் மருந்து அடித்தது. நியாயமாக விசாரித்து, நல்லெண்ணத்தோடு, சங்கத்தின் நலனுக்காக எடுத்த முடிவு என்பதால் நீதிமன்றம் போர்டின் பக்கம் நின்றது. அந்தப் பாதுகாப்பின் உயிர்நாடி விசாரணையில்தான் இருக்கிறது. பொறியாளரின் அறிக்கை, மூன்று விலைப்புள்ளிகள், வழக்கறிஞரின் கடிதம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி, படித்து, கூட்டக் குறிப்பில் பதிவு செய்யுங்கள்.

குறிப்பில் யார் யாரிடம் குரலை உயர்த்தினார் என்பது வேண்டாம். எந்த ஆவணங்களைப் பார்த்தோம், என்ன முடிவெடுத்தோம், யார் எப்படி வாக்களித்தார்கள் என்பது வேண்டும். நாங்கள் இப்போது ஒவ்வொரு கட்டண முடிவோடும் அந்த ஆண்டின் ரிசர்வ் சதவீதத்தையும் சேர்த்தே எழுதுகிறோம். உயர்த்த வேண்டாம் என்று முடிவெடுத்த ஆண்டானாலும்.