ஆமை முட்டை தோண்டும் நாயைக் கண்டுபிடிப்பது எப்படி?

பெசன்ட் நகர் கடற்கரை நாயெல்லாம் ஆமை முட்டை தின்னாது. பலதும் மீன் கழிவோடு நின்றுவிடும். ருசி கண்ட ஒன்றிரண்டுதான் குழி தேடி வரும். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) முட்டையிடும் குழி ஒன்றில் சுமார் 100 முட்டை இருக்கும், யோசித்துப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் குடியேறிய பூனைகளிலும் இப்படித்தான்: குறிப்பிட்ட சில பூனைகளே ஒரே இரையைக் குறிவைக்கும்.

ஜனவரி முதல் மார்ச் வரை, விடிவதற்குள் போங்கள். வெயில் ஏறினால் மணல் உதிர்ந்து தடம் கலைந்துவிடும். தோண்டிய குழியருகே நாயின் பாதத்தடத்தின் பக்கத்தில், அளவு தெரிய ஒரு பேனா வைத்துப் படமெடுங்கள். காது வெட்டு, வால் வளைவு, உடல் திட்டு பார்த்து நாய்களை நோட்டில் குறியுங்கள். நாயின் மலத்தைக் கிளறி முட்டைத்தோல் தெரிகிறதா பாருங்கள் (கையுறை போட்டுத்தான், சாமி!).

கல்லெறிய வேண்டாம். அந்த நாய் சுற்றும் பக்கம் இரவுநடையை (ஆமைக் குழி தேடி இரவில் கரையோரம் நடப்பது) முதலில் தொடங்கும்படி ஆமைத் தன்னார்வலர்களிடம் சொல்லுங்கள்.