சித்திரைத் திருவிழாவுக்கு வீடு நிறைய சொந்தமா? நாய்க்கும் ஒரு இடம் ஒதுக்குங்க

அழகர் மலையை விட்டுக் கிளம்பினாலே எங்க வீட்டுக்கும் ஆள் வர ஆரம்பிச்சிரும். வீடு மதுரை புதூர்ல. மூன்றுமாவடியில அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்கு வர்ற சொந்தமெல்லாம் பையை இறக்கி வைக்கிறது எங்க திண்ணையிலதான். ஒரு வருஷம் "அழகர் வந்துட்டாராம்"னு குரல் கேட்டதும் பதினஞ்சு பேரும் ஒரே ஓட்டம். கேட்டை யாரும் சாத்தல. பின்னாலேயே எங்க சிப்பிப்பாறையும் பறந்துருச்சு. வேட்டைக்குன்னே வளர்த்த இனம், நம்ம காலுக்கு எட்டுமா? ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு டீக்கடை பெஞ்சுக்கு அடியில கண்டுபிடிச்சோம். முதல்தடவை நாய் வளர்க்கிறவங்களுக்காக, அன்னைக்குக் கத்துக்கிட்டதை எழுதுறேன்.

படி 1: கேட்

"நாய் ஜாக்கிரதை" போர்டை விருந்தாளி யாரும் படிக்க மாட்டாங்க. கேட்டுக்குன்னு ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்க. எங்க வீட்ல சின்ன மாமா. கழுத்துப் பெல்ட்ல உங்க போன் நம்பரை எழுதிக் கட்டுங்க. பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையணும், அதுக்கு மேல இடம் விட்டா தலையை உருவிட்டு ஓடிரும்.

படி 2: உள்ளறை

தெருவைப் பார்க்காத அறையாப் பாருங்க. ஒரு வாரம் முன்னாடியே சோத்தை அங்கேயே வைச்சுப் பழக்குங்க. அன்னைக்கு மட்டும் திடீர்னு அடைச்சா தண்டனைன்னுதான் நினைக்கும். பழைய போர்வை, தண்ணி, ஃபேன் போதும். நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் காது கேட்கும், நாய்க்குச் சுமார் 45,000 வரை. வேட்டுச் சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்கடியில போனா இழுக்காதீங்க, பக்கத்துல உட்காருங்க. தடவிக் கொடுத்தா பயம் கூடும்னு சொல்றதை நம்ப வேண்டாம். தூக்க மாத்திரையை நீங்களாக் கொடுக்கவே கூடாது.

படி 3: இலை

கெடா வெட்டுன்னா இதுதான் பெரிய தலைவலி. ஆளாளுக்குப் பாசமா ஒரு எலும்பைப் போடுவாங்க. வெந்த எலும்பு ஊசி ஊசியா உடைஞ்சு குடலைக் கிழிச்சிரும். குழம்புல கிடக்கிற வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். அன்னைக்கே தெரியாது, சில நாள் கழிச்சுச் சோர்ந்து படுக்கும். பாயசத்துல மிதக்கிற உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுத்துரும். சாக்லேட்டும் விஷம்தான். "ஒரு வாய் தானே"ன்னு அப்பத்தா கேட்டா, உப்பில்லாம வேகவைச்ச கறியில ரெண்டு துண்டை அவங்க கையில கொடுத்து ஊட்டச் சொல்லுங்க. அவங்க மனசும் நோகாது.

படி 4: வெயில்

நடக்கக் கூட்டிட்டுப் போறதை விடிகாலையிலயும் இருட்டினப்புறமும் வைங்க. புறங்கையைத் தார் ரோட்டுல வைச்சுப் பாருங்க. உங்களுக்குச் சுட்டா அதுக்கும் சுடும். மூச்சு வாங்குறது நிக்காம, எச்சில் ஒழுகித் தள்ளாடினா, உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி, ஃபேனடியில வைச்சுட்டு உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க.

படி 5: பொடிசுகள்

வெறிநாய்த் தடுப்பூசி அட்டையை இப்பவே எடுத்துத் தேதி பாருங்க. தூங்குற, சாப்பிடுற நாயைப் பிள்ளைங்க தொடக்கூடாது. பல் பட்டுட்டா சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஊசி போட்ட நாய்னாலும்தான்.

பூனைக்கு இத்தனை பாடு இல்லை. பீரோ மேல ஒரு அட்டைப்பெட்டி வைச்சாப் போதும், விருந்தாளி போனப்புறம் அதுவே இறங்கி வரும்.

எல்லாரும் ஊருக்குக் கிளம்பினதும் நாயை அவுத்து விடுறதுக்கு முன்னாடி, கட்டிலுக்கடியையும் சோபா இடுக்கையும் ஒருதரம் பெருக்கிருங்க. போன தடவை எங்களுக்குக் கிடைச்சது: ரெண்டு எலும்பு, ஒரு ஊக்கு, அயித்தையோட பிரஷர் மாத்திரை அட்டை.