சூனியக்காரி கவுனைக் கையால் தைக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூர்த்தொப்பி, கறுப்பு கவுன், உப்பிய கை. கதைகளில் வரும் சூனியக்காரியின் உடை பல காலத்து உடைகளின் கலவை. உயரமான தொப்பியை 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாதாரணப் பெண்களே அணிந்தார்கள். தோளில் பலூன் போல உப்பிய கையோ 1890களின் மோகம். எந்தக் காலத்து கவுன் என்று முடிவு செய்யாமல் கத்தரியை எடுப்பதுதான் முதல் தவறு. இங்கே 17ஆம் நூற்றாண்டையே எடுத்துக்கொள்கிறேன். கைத்தையலுக்கு அது அருமையான காலம்.

பெரிய தவறு, வெறும் உடம்பில் அளவெடுத்து மேல்பகுதியை வெட்டுவது. அந்தக் காலத்தில் உள்ளே லினன் ஷிஃப்ட் என்ற தளர்வான உள்ளங்கி, அதன்மேல் விறைப்பான கச்சை. உடம்பின் வடிவத்தையே மாற்றுவது அந்தக் கச்சைதான். அதை முதலில் தைத்து, போட்டுக்கொண்டு அளவெடுங்கள். அப்புறம் மலிவான காடா துணியில் ஒரு மாதிரி தைத்துப் பாருங்கள். கையைத் தூக்கினால் இடுப்புப் பகுதியும் சேர்ந்து ஏறுகிறதா? பெரும்பாலும் கைக்குழி பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். லினனை நனைத்துக் காயவைக்காமல் வெட்டவே கூடாது, சுருங்கும்.

எல்லா இடத்திலும் ஒரே தையல் போடுவதும் வீண் வேலை. பாவாடையின் நீண்ட ஓரங்களுக்கு, ஊசியை மேலும் கீழுமாக முன்னே ஓட்டிச் செல்லும் ஓட்டுத் தையல் போதும். இழுபடும் மேல்பகுதிக்கும் கைக்கும், ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னே குத்தி முன்னே எடுக்கும் பின்தையல் வேண்டும். நூலை முழங்கை நீளத்துக்கு வெட்டி, தேன்மெழுகில் இழுத்துக்கொண்டால் சிக்காது.

இடுப்பு மடிப்பில்தான் பலருக்குப் பொறுமை போய்விடுகிறது. மூன்று நான்கு மீட்டர் துணியைச் சின்ன இடுப்புக்குள் அடக்க, இரண்டு வரிசை ஓட்டுத் தையல் போட்டு இழுக்க வேண்டும். மேல் வரிசைப் புள்ளிக்கு நேர் கீழே அடுத்த வரிசைப் புள்ளி இருந்தாக வேண்டும். கண்ணளவை நம்பாமல் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். வரிசை பிசகினால் மடிப்புகள் கலைந்து, வெறும் சுருக்கமாகிவிடும். துணி மெல்லியதாக இருந்தால் உள்ளே ஃபிளானல் என்ற மெத்தென்ற துணியில் ஒரு பட்டை வையுங்கள்; மடிப்பு நிமிர்ந்து நிற்கும்.

கறுப்புதான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். அன்று நல்ல அடர்கறுப்புச் சாயம் விலை அதிகம். இரும்பு சேர்த்த கறுப்பு நாளடைவில் துணியையே அரித்தது. கரும்பழுப்புக் கம்பளி காலத்துக்கும் பொருந்தும், பார்க்கவும் அழகு.

கடைசியாக, கீழ் ஓரத்தை வெட்டி நீளம் சரிசெய்யாதீர்கள். பாவாடை நேரான துணித் துண்டுகளால் ஆனது. உள்பாவாடையைக் கட்டிக்கொண்டு, மடிப்பு வைப்பதற்கு முன்பே, இடுப்பில் தேவையான அளவு மடக்கிவிடுங்கள். கீழ் ஓரம் நேராகவே இருக்கும்.