பித்தளை பில்லை கிடைத்தால் முதலில் ஓட்டையைப் பாருங்கள்

பெங்களூருவில் மண்ணுக்குள் கிடக்கும் பழைய காசும் டோக்கனும் தேட மெட்டல் டிடெக்டர் வாங்கியவர்கள் முதலில் கேட்பது, “கோட்டைப் பக்கம் போகலாமா?” என்றுதான். கூடாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடத்தில் தோண்டினால் வழக்கு வரும். தனியார் நிலம், உரிமையாளர் சம்மதம், இரண்டும் இருந்தால்தான் நான் கிளம்புவேன். விலைமதிப்புள்ள புதையல் அகப்பட்டால் டெபுடி கமிஷனர் (மாவட்ட ஆட்சியர்) ஆபீசுக்குச் சொல்லிவிட வேண்டும்.

நான் போவது கோலார் தங்கவயல் பக்கம், நண்பருடைய ராகிக் கொல்லைக்கு, அறுப்பு முடிந்த பிறகு. அங்கே செம்மண், கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணுக்கே மெஷின் கத்தாதபடி செய்யும் அமைப்பைச் சரிசெய்யாமல் நடந்தால் மெஷின் கத்திக்கொண்டே இருக்கும். பித்தளை என்றால் மெஷினை எந்தப் பக்கமிருந்து வீசினாலும் திரையில் ஏறக்குறைய ஒரே எண் காட்டும். துருப்பிடித்த சோடா மூடிக்கு எண் தாவும்.

வீட்டுக்கு வந்ததும் நம் கை தானாகப் புளியைத் தேடும். வேண்டவே வேண்டாம். புளியும் பீதாம்பரியும் களிம்போடு எழுத்தையும் தின்றுவிடும். தண்ணீரில் ஊறவைத்து மெத்தென்ற பிரஷால் மண்ணை மட்டும் எடுங்கள். காய்ந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சை மேசையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்து நிழலில் எழும்பி வரும்.

இனி ஓட்டை. விளிம்போரம் இருந்தால் அது பெரும்பாலும் ஆணியில் மாட்டிய ஆள் பில்லை, தொழிலாளியின் எண் போட்ட அடையாளம். சுரங்கங்களில் பில்லையைக் கொடுத்து விளக்கு வாங்குவார்கள். பில்லை பலகையில் தொங்கினால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று கணக்கு. அதில் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சுத்தியலால் அடித்திருப்பார்கள். என்னிடம் உள்ள ஒன்றில் 3 இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, 0 ஒரு நூல் கீழே இறங்கியிருக்கிறது, பின்பக்கம் தடவினால் அடி விழுந்த மேடு விரலில் படுகிறது. கடை டோக்கனும் கேன்டீன் டோக்கனும் அப்படியிருக்காது. பெயரும் மதிப்பும் ஒரே அச்சில் சீராக விழுந்திருக்கும்.

நடுவில் பெரிய ஓட்டை இருந்தால் வாஷர் என்று எறிந்துவிடாதீர்கள். யுத்தகாலத்துச் செம்புத் தட்டுப்பாட்டில் வந்த ஓட்டைக் காலணாவாக இருக்கலாம். மேலே சின்ன மகுடம், 1943 முதல் 1947 வரை ஏதோவொரு வருடம் தெரியும். அது டோக்கன் இல்லை, காசு.

வருடம் போடாத டோக்கனுக்குப் பணத்தின் பெயர்தான் சாட்சி. அணா என்றிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன் அடித்தது என்று கொள்ளலாம். நயா பைசா என்றால் 1957க்கும் 1964க்கும் இடையில். ‘மைசூர் ஸ்டேட்’ என்று இருந்தால் 1973 நவம்பருக்கு முந்தியது, அன்றுதான் கர்நாடகா என்று பெயர் மாறியது.

அப்புறம், சிக்பேட்டை ஞாயிறு சந்தையில் அனுமன் படமும் 1818ம் போட்ட “கிழக்கிந்தியக் கம்பெனி அரையணா” கையில் திணிக்கப்படும். காந்தம் போல அரிசியை இழுக்கும், லட்சம் பெறும் என்பார்கள். கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. பித்தளை எடைக்குக் கொடுத்தால் வாங்குங்கள்.