பாங்காக் வெயில்ல ஜோடியா சுத்துறது எப்படி

பாங்காக் போறீங்கன்னா முதல்ல வெயிலுக்கு பிளான் பண்ணுங்க, கோயிலெல்லாம் அப்புறம். கிராண்ட் பேலஸ் காலையில 8.30க்கு திறக்கும், அப்பவே வாசல்ல நிக்கணும், பத்து மணி தாண்டுனா தரையே தோசைக்கல்லு மாதிரி ஆயிரும். ஷார்ட்ஸ், ஸ்லீவ்லெஸ்னா உள்ள விடமாட்டாங்க, என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்லக் கேக்காம முக்கால் பேன்ட்ல வந்து, அப்புறம் ரோட்டுக்கடையில யானைப் படம் போட்ட பேன்ட் வாங்கி மாட்டினாரு, ட்ரிப்லயே பெஸ்ட் போட்டோ அதுதான். வெளிய எவனாவது "இன்னிக்கு பேலஸ் லீவு, டுக்-டுக்ல ஏறுங்க"ன்னா (டுக்-டுக்னா அந்த ஊரு ஆட்டோ) நம்பாதீங்க, நேரா கேட்டுக்கே போய்ப் பாருங்க.

அங்கருந்து நடந்தே 'வாட் போ'ங்கிற கோயிலுக்குப் போயிரலாம். 46 மீட்டர் நீளத்துக்கு புத்தர் படுத்திருக்காரு, பாதத்துல முத்துச்சிப்பி வேலைப்பாடு, அவசரத்துல அதை விட்டுறாதீங்க. அவர் முதுகுப் பக்கம் 108 வெண்கலக் கிண்ணம் வரிசையா இருக்கும், சில்லறை வாங்கி ஒண்ணொண்ணா போட்டுட்டே நடக்கணும், டிங் டிங்னு அந்தச் சத்தத்துலயே பாதி களைப்பு போயிரும்.

மதியம் 12லருந்து 4 வரைக்கும் ஏசி ரூம்தான், புருஷன் பொண்டாட்டி சண்டை வர்றதே அந்த நேரத்துலதான். சாயங்காலம் தா தியன் படகுத்துறையில ஏறி ஆத்தைக் கடந்தா வாட் அருண் கோயில். அதைப் பாத்துட்டு இந்தக் கரைக்குத் திரும்பிருங்க, சூரியன் இறங்குறப்போ கோபுரம் இங்கருந்துதான் அழகு.