பாறை மலைக்கு பூட்ஸ் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி, கடலூர் பக்கத்துப் பிள்ளைகளைச் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைக்குக் கூட்டிப்போகும் ஒவ்வொரு முறையும் அதே தவறுகளைத்தான் பார்க்கிறேன். செருப்போடு வராதே, லேஸைத் தொங்கவிடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எப்போதும் போடுகிற சைஸையே வாங்குவது

இதைத்தான் இன்னும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கடலூர்த் தம்பி ஒருவர் நல்ல விலை கொடுத்து வாங்கிய பூட்ஸோடு வந்தார். சுமார் 800 அடி ஏறும்வரை ஒரு குறையும் இல்லை. இறங்கத் தொடங்கியதும் முகம் மாறிவிட்டது. "அண்ணே, விரல் இடிக்குது." அடிவாரத்தில் கழற்றினால் இரண்டு பெருவிரல் நகங்களும் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தன. "எப்பவும் எட்டாம் நம்பர்தாண்ணே போடுவேன்" என்றார். கடையிலும் அதையே கேட்டிருக்கிறார், அதையே எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

நம்முடையது சமதள ஊர். நேரு வீதிக் கடையில் வழவழத் தரையில் நாலடி நடந்தால் எந்த பூட்ஸும் பொருந்துவது போலத்தான் இருக்கும். இறக்கத்தில் உடம்பும் முதுகுப்பையும் சேர்ந்து பாதத்தை முன்னால் தள்ளும். அங்கே இடமில்லையென்றால் படிக்குப் படி நகம் இடிபடும். நம்பரை நம்பவும் முடியாது. ஒரு கம்பெனியின் எட்டும் இன்னொன்றின் எட்டும் ஒரே அளவாக இருக்காது.

சாயங்காலம் கடைக்குப் போங்கள், அதற்குள் பாதம் சற்று வீங்கியிருக்கும். மலையில் போடப்போகிற கனமான சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். பூட்ஸுக்குள் பாதம் படும் மெத்தையான இன்சோலை வெளியே எடுத்து அதன்மேல் நின்றால், விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிஞ்ச வேண்டும். பாதம் ஓரத்தில் வழியக் கூடாது. இரண்டு பாதங்களில் எது பெரிதோ அதற்கே அளவு. பிறகு லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடையின் மாடிப்படியில் ஏறி இறங்குங்கள். ஏறும்போது குதிகால் எழும்பக் கூடாது, இறங்கும்போது விரல் முன்னால் முட்டக் கூடாது. "போடப் போட லூசாயிடும் சார்" என்பார்கள். தோல் அகலத்தில் கொஞ்சம் இளகும், நீளத்தில் ஒரு நூல்கூட வளராது.

கணுக்காலை மூடினால் போதும் என்று நினைப்பது

உயரம் மட்டும் காலைக் காப்பாற்றாது. பூட்ஸை இரு முனையிலும் பிடித்து ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்குங்கள். சுலபமாக முறுக்க வந்தால், கூரான கல்லில் பாதமும் அதோடு திரும்பும். விரல் மடங்கும் இடத்தில் மட்டும் வளைந்தால் சரி.

வாட்டர்ப்ரூஃப்தான் வேண்டும் என்பது

நம் வெயில் பாறைக்குத் தேவையில்லை. வியர்வை உள்ளேயே தங்கிக் கொப்புளம் போடும்.

புது பூட்ஸோடு நேரே மலைக்கு

வேண்டவே வேண்டாம்.

பரணில் கட்டி வைப்பது

பல பூட்ஸுகளில் நடுச்சோல், அதாவது பாதத்துக்கும் அடிச்சோலுக்கும் இடையிலுள்ள மெத்தை அடுக்கு, பாலியூரித்தேன் என்ற நுரைப் பிளாஸ்டிக்கால் ஆனது. காற்றின் ஈரம் அதைச் சிறுகச் சிறுகச் சிதைக்கும், போடாமல் வைத்திருந்தாலும்கூட. கடலோரத்தில் இருக்கும் நமக்கு இது கூடுதல் தொல்லை. கல்வராயன் மலையில் ஒருவருக்குப் பார்வைக்குப் புதிதாக இருந்த பூட்ஸின் சோல் பாதி வழியில் பெயர்ந்துபோனது. கயிற்றால் கட்டிவிட்டு மெல்ல நடக்கவைத்துக் கூட்டிவந்தோம். பையில் சுற்றி வைக்காமல் காற்றாட வையுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே நடுச்சோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரிசல் தெரிந்தாலோ பொடி உதிர்ந்தாலோ அந்த ஜோடியை மலைக்குக் கொண்டுவராதீர்கள்.